ரிக் வண்டிக்குப் போன பாடங்கள்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டை மாட்டியதும் தலைமை ஆசிரியை அதை என் பொறுப்பில் விட்டார். ஆசிரியர்களில் நான்தான் இளையவள், எனக்குத்தான் இதெல்லாம் வரும் என்றார். எனக்கு அதை ஆன் செய்யக்கூடத் தெரியாது. ஆனாலும் தெரியாது என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் சுலபமாக வராது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

மல்லசமுத்திரத்தைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர். எட்டாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள். அந்த வருடம் உதவித்தொகைத் தேர்வுக்கு அவர்களைத் தயார் செய்ய வேண்டும். எல்லோரையும்விட ஒரு பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கணக்கில் கெட்டிக்காரி. அவள் அம்மா விசைத்தறி ஓட்டுகிறார். தேர்வில் பெயர் வந்தால் ஒன்பதாவது, வராவிட்டால் தறி என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தேர்வில் கண்ணாடிப் பிம்பம், மடித்த தாள், விரித்த பெட்டி என்று படக் கேள்விகள் நிறைய வரும். வகுப்பு நேரம் பாடத்துக்கே போதவில்லை. அதனால் பள்ளி விட்ட பிறகு போர்டில் படங்களைத் திருப்பிக் காட்டி, பேசி, வீடியோவாகப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் சேர்த்தவை பள்ளிப் பதிவேட்டில் இருந்த எண்கள். தினமும் பதினோரு பேரும் பார்த்ததாக நீல டிக் விழும். இரண்டு மாதம் அதைத் தலைமை ஆசிரியையிடம் காட்டிப் பெருமைப்பட்டேன்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது போர்டில் விரித்த பெட்டி ஒன்றை வரைந்து, மடித்தால் எந்தப் பக்கம் எதற்கு எதிரே வரும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். தப்பான பக்கத்தைக் காட்டினாள். வீடியோ பார்க்கவில்லையா என்று அதட்டினேன்.

“அப்பா பாத்துட்டாருங்க மிஸ்.”

“நீ?”

“போன் அவருகிட்ட இருக்குதுங்க. அவரு ரிக்குல சத்தீஸ்கர் போயிருக்காருங்க. பாத்துட்டு அம்மா போனுக்குக் கூப்புட்டுச் சொல்லுவாருங்க.”

எங்கள் பக்கத்தில் பாதி ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போய் மாதக்கணக்கில் இருப்பவர்கள். மீதிப் பேர் லாரியில். பதிவேட்டில் இருப்பது அவர்களுடைய எண்தான். வீட்டில் இருப்பது பட்டன் போன். இந்தப் பக்கத்துப் பெண்ணாக இருந்தும், தறி ஓட்டிய என் அப்பா ஊரிலேயே இருந்ததால் இது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றே அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். பின்னால் கம்ப்ரசர் இரைந்தது. “தெனமும் பாக்கறமுங்க டீச்சர், வண்டியில நாலு பேருமே. இந்த டப்பா மடக்குற கணக்கு மட்டும் எங்க யாருக்கும் புடிபடலைங்க” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. சந்தேகம் கேட்கிற குரல். அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

இனி போர்டின் முன்னால் உட்கார வைத்தால்தான் உண்டு. ஆறு மணி வரை பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டு வீடு வீடாகப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா தறியை நிறுத்தாமலே பேசினார். சாயங்காலம் நூல் சுற்ற மகள் வேண்டும். படம் பார்க்கவா பள்ளிக்கூடம் என்று கேட்டார். நானும் தறிவீட்டுப் பெண்தான் என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

“அப்ப இன்னைக்கு உங்கம்மா தறியில யாருங்க நிக்கறாங்க?”

அம்மாதான் நிற்கிறாள், ஒற்றை ஆளாக. மகள் சுற்ற வேண்டிய நூலை எடுத்து நான் சுற்ற ஆரம்பித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவரே, “பத்து நாளைக்கு உடறனுங்க” என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் போர்டைத் தொடவில்லை. பிள்ளைகளே போர்டில் விரல் வைத்துப் பெட்டியை மடித்தார்கள், விரித்தார்கள், சண்டை போட்டார்கள். அவள் முதல் நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் பெட்டியைப் பின்பக்கமாகத் திருப்பி, “இது ஒளிஞ்சுட்டு இருக்குதுங்க மிஸ்” என்று சிரித்தாள். நான் இரண்டு மாதம் பேசியது அவள் விரலுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. ஆனால் நாள் போதவில்லை. மின்வாரியப் பராமரிப்பில் ஒரு நாள் கரண்டும் இல்லை.

திருச்செங்கோட்டில் தேர்வு. தறியை நிறுத்திவிட்டு அவள் அம்மாவும் வந்திருந்தார். தேர்வு முடிந்து வெளியே வந்த மகள் படக் கேள்விகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டதாகவும், ஒவ்வொன்றையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்ததில் நேரம் போய், அதே தாளில் இருந்த கணக்குக் கேள்விகளில் ஆறை விட்டுவிட்டதாகவும் சொன்னாள். கணக்கில் அவள் எதையும் விடுகிறவள் அல்ல.

“ஆறு போனா ஆகாதுங்களா டீச்சர்?” என்று கேட்டார் அவள் அம்மா.

“தெரியலைங்கக்கா” என்றேன். வீடியோ யார் போனுக்குப் போனது, ஏன் போனது என்பதையும், தப்பு என்னுடையது என்பதையும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அவர் மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டு சொன்னார்: “ரெண்டு மாசமா இவ அப்பா தெனமும் கூப்புட்டு இவகிட்டயே பேசுனாருங்க. கண்ணாலமான நாள்ல இருந்து அப்படிக் கூப்புட்டதே இல்லீங்க. அவருக்கு ஒடம்புக்குத்தான் என்னமோ முடியலையாட்ட இருக்குதுன்னு பயந்துட்டே இருந்தனுங்க.”

பெயர் வராவிட்டாலும் ஒன்பதாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். “பேரு வரட்டுங்க” என்று மட்டும் சொன்னார்.

பட்டியல் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும் முன் போனில் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன். அவள் முதல் பெஞ்சிலிருந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை லேசாக ஆட்டுவேன், இல்லை என்று. அவள் நோட்டைத் திறப்பாள்.