மேடு ஏற மறுத்த கால்களும் பழவங்காடிப் பிள்ளையாரும்

போன ஐப்பசியில், வேலையை விட்டுவிடும் முடிவோடு பொன்முடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினேன். சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம். எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். இப்படி ஒன்றை எழுதவா படித்தோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிகள். தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில்தான் பிறந்தேன். ஹாஸ்டலில் தங்கி டிகிரி முடித்தேன். அதே தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தபோது அம்மா எல்லா வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தாள். ஆறு மாதம் பார்ப்பார்கள். மானேஜருக்குத் திருப்தியானால்தான் வேலை நிரந்தரம்.

இரண்டாம் மாதமே கால் பிடித்துக்கொண்டது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது. மேட்டில் கொஞ்சம் ஏறினாலே உள்கணுக்காலில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை முறுக்கும். இறங்கும்போது முன்னங்கால் எரியும். நான் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் பாதி கூடை பறித்திருப்பார்கள். சின்ன வயதில் என்னைத் தூக்கி வைத்திருந்த பொன்னம்மா அக்கா ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நம்ம தம்பி சாருக்கு மேட்டப் பாத்தாத்தான் காலு வலிக்கும். கேண்டீனப் பாத்தா வலிக்காது."

நானும் சேர்ந்து சிரித்தேன். வலியை யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நிறையப் பேருக்குப் பாதம் தட்டை. "நமக்குப் பலகைக் காலு. மண்ணோட ஒட்டிக்கும், வழுக்காது" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். மலைக்கென்றே அமைந்த கால் வலிக்கிறது என்றால் குறை என் சோம்பலில்தான் என்று நம்பினேன். அதனால் காலையில் வெறுங்காலோடு செங்குத்தான பாதையில் கூடுதலாக ஏறிப் பழகினேன். வலி இரட்டிப்பானது. மானேஜர் கூப்பிட்டு, "இந்த மாசம் கூடப் பாக்கறேன், கேட்டோ. பின்னே எங்கிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம்.

கம்பெனி ஆபீஸ் நகரத்தில். கிழக்கேகோட்டையில் இறங்கியதும், பழவங்காடிப் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நல்ல மழை. கால் கழுவி உள்ளே போய் நின்றேன். 'மேடு ஏறப் பலம் கொடு. இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கொடுக்கத் தைரியமாவது கொடு.' அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

வெளியே வந்தபோது, கையில் தேங்காயோடு ஒரு பெண் வழிமறித்தாள்.

"சேட்டா, உள்ள போறப்ப ஈரத்தில கால் பதிஞ்சுதே, அது உங்களோடதுதானே? நடுவில வளைவே இல்ல."

"ஜோசியமெல்லாம் வேண்டாம்மா" என்றேன்.

"ஐயோ, ஜோசியம் இல்ல. நான் பிசியோதெரபி படிக்கறேன். தட்டப்பாதக்காரங்க சரிவில நடந்தா கால் தசை எப்படி வேல செய்யுதுன்னு தீசிஸ். ஆள் கெடைக்கல. இன்னும் மூணு பேர் வேணும். பிள்ளையாரே, மூணு தட்டப்பாதம் கொடுன்னு தேங்கா ஒடைக்க வந்தேன்."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நொந்துகொண்டு நின்ற காலை, ஒருத்தி வேண்டிக்கொண்டு நிற்கிறாள்.

"நடக்கறப்ப வலி உண்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை மாதம் அப்படியே பழகிவிட்டது. சந்நிதி வாசலில் பொய் வரவில்லை. "இருக்கு. தேயிலைத் தோட்டத்தில வேலை. மலை ஏறறப்ப தாங்க முடியல" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ உங்கள சேர்க்கப் பாடில்ல. வலி உள்ளவங்கள எடுக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்ல, எங்க சார்கிட்ட காட்டலாம். இதை வெச்சுக்கிட்டா மலை ஏறறீங்க?"

கடிதத்தைக் கொடுக்காமலே அவளோடு அவள் படிக்கும் காலேஜுக்குப் போனேன். அவளுடைய ஆசிரியர் என் காலில் சின்னச் சின்ன ஒட்டுகளை ஒட்டி ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார். தசை வேலை செய்வது திரையில் கோடாக ஓடியது. சமமாக இருந்தவரை கோடு அடக்கமாக இருந்தது. மெஷினை மேடாகத் தூக்கியதும் உள்பக்கத் தசையின் கோடு எகிறிக் குதித்தது.

"உங்க பாதம் உள்பக்கமா சரியுது. அதைத் தாங்கிப் பிடிக்கறதே இந்தத் தசைக்குக் கூடுதல் வேல. மேடு வந்தா உடம்பையும் தள்ளி ஏத்தணும். இது சோம்பேறித்தனம் இல்ல தம்பி, ஓவர்டைம்" என்றார் சார்.

மெஷினில் நின்றபடியே அழுதேன். என் வலி பொய்யில்லை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

வெறுங்கால் ஏற்றத்தை நிறுத்தச் சொன்னார். ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் இன்சோல், குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, நேராக ஏறாமல் வளைந்து வளைந்து சின்ன அடியாக ஏறுவது. மானேஜருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். மானேஜர் படித்துவிட்டு, "இதை நேரத்தே சொல்லியிருக்கலாம் அல்லே?" என்று மட்டும் கேட்டு, மூன்று மாதம் கூடுதலாகத் தந்தார். ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. தை பிறந்த பிறகு ஒரு காலையில், உச்சித் தோட்டம் வரை நிற்காமல் போய்ச் சேர்ந்தேன். மாசியில் வேலை நிரந்தரமானது.

அந்தப் பெண்ணுக்கு மூன்று பேர் வேண்டுமே. வலியில்லாத தட்டைப் பாதம் எங்கள் வீட்டிலேயே இருந்தது: என் தம்பி, சித்தப்பா மகன், மாமா மகன். மூவரையும் பஸ்ஸில் கூட்டி வந்தேன். "அண்ணே, இம்புட்டு நடந்தும் அதே எடத்துலதாம்ல நிக்கேன்" என்று தம்பி மெஷினில் நின்று கத்தினான். பிள்ளையார் அவளுக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டார்.

துணைக்கு வந்த அம்மா ஓரமாக உட்கார்ந்து, சார் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் காலை நீட்டினாள். "எனக்கும் முப்பது வருஷமா இங்கனதான் வலிக்கு சார். மலைன்னா வலிக்கத்தான செய்யும்னு இருந்துட்டேன்."

ஒரே வீட்டில் இருந்தோம். அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவுக்கும் இன்சோல் இருக்கிறது. சாயங்காலம் நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குகிறோம். "ரெண்டு பேரும் அப்படி என்னத்த எட்டிப் பாக்கீங்க?" என்று அப்பா சிரிப்பார். அம்மா இப்போது இரவில் தன் காலைத் தானே அமுக்கிக்கொண்டு உட்காருவதில்லை.

அன்பர்களே, என் பாதம் இன்றும் தட்டைதான். பிள்ளையார் அதை மாற்றவில்லை. வலிக்கிறது என்று சொல்ல வாய் கொடுத்தார். கேட்பதற்கு ஓர் ஆளையும் அங்கேயே நிறுத்தியிருந்தார். எல்லாருக்கும் இருப்பதுதானே என்று நீங்களும் எதையாவது பொறுத்துக்கொண்டிருந்தால், அவர் முன்னால் வந்து இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். பக்கத்தில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.