காலியாகிப்போன ஆறு கோப்புகள்

இடி இடித்தால் எங்கள் வீட்டில் மெயின் சுவிட்சை அடைத்துவிடுவார்கள். டிவியை மட்டுமல்ல, மொத்த வீட்டையும். அம்மா பெக்கோக் பக்கம் எஸ்டேட் லயத்தில் இருந்த காலத்தில் ஒரு மின்னலில் பக்கத்து வீட்டு டிவி புகைந்துபோனதாம். அதிலிருந்து மேகம் கறுத்தாலே போதும், முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துண்டால் மூடுவார், அடுத்து சுவிட்ச். எஸ்டேட்டை விட்டு மாசாய் நகரத்துக்குக் குடிவந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவள், அந்த நேரத்தில் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி இருக்கும். பத்து பாகாட் என்ற ஊரில் உள்ள ஒரு துணித் தொழிற்சாலைக்கு, யார் எந்த நேரம் வேலைக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. திங்கட்கிழமை தொழிற்சாலை மேனேஜர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைய மாற்றங்களை, எழுதியதன் ஒவ்வொரு படியையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் சேமிக்கும் கட்டளையை அடித்தேன். அதே நொடியில் திரை இருண்டது.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அம்மா மீட்டர் பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அடைக்கப் போறேன்னு ரெண்டு தடவ கத்துனேன். காதுல அத மாட்டிக்கிட்டா எங்க கேக்கும்?"

மழை விட்டு, கரண்ட் வந்து, கணினி எழுந்ததும் கிட்டிடம் நிலவரம் கேட்டேன். சேமித்ததில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுகொண்டது. பழைய பதிவுகளைக் காட்டு என்றால் அதற்கும் அதே வரி. ஒரு மாத வேலை அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்தது.

கம்பெனி சர்வரில் இன்னொரு பிரதி இருந்திருக்க வேண்டும். இல்லை. தினமும் சாயங்காலம் அனுப்பிவிடு என்று எங்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அனுப்பவில்லை. அரைகுறையாக எதையும் காட்டி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வீட்டில் பாடத்தைத் திருத்திக் கொடுக்க ஆள் கிடையாது. நானே மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் ஆசிரியரிடம் நோட்டை நீட்டுவேன். அப்படியே டிப்ளோமா வரைக்கும் வந்துவிட்டேன். வெட்டும் திருத்தமுமாக இருப்பதை அடுத்தவர் பார்ப்பது எனக்கு உள்பாவாடை தெரிய நடப்பது போல.

வேறு வழியில்லாமல் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஒரு மாசமா ஒன்னுமே மேல அனுப்பலயா? இது என்ன கல்யாண விருந்தா லா, எல்லாம் ஆக்கி முடிச்சாத்தான் எல போடுவேன்னு சொல்றதுக்கு?"

 இருக்கும் கோப்புறையை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டுச் சோதனையை ஓட்டு, அதற்கு முன் எதையும் அழிக்காதே என்றார். ஏழு மணிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்து, இருப்பதை வைத்துச் சின்னதாக ஏதாவது காட்டச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்த வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பிரிட்டனில் படித்தவர். என் உச்சரிப்பைத் திருத்துபவர்.

கிட் தன்னிடம் வரும் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்தை வைத்தே ஒரு நீளமான பெயர் போட்டுச் சேமிக்கிறது. சோதனை செய்வதென்றால், ஒவ்வொன்றையும் திறந்து, பெயரை மறுபடி கணக்கிட்டு, பழைய பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒன்று இன்னொன்றைச் சுட்டினால், அந்த இன்னொன்று உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்க்கும். விழுக்காட்டு எண் மெல்ல ஏறியது. அம்மா பின்னால் வந்து நின்றார். நிற்காதீர்கள் என்றேன். நின்றார்.

ஆறு கோப்புகள் காலி. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஆறும் கரண்ட் போன நொடியில் எழுதப்பட்டவை. மற்றதெல்லாம் சரி. ஆறையும் நீக்கினேன். கிட் வைத்திருக்கும் நடமாட்டக் குறிப்பைத் திறந்து, அதற்கு முந்தைய சேமிப்பு எது என்று தேடி, கிட்டை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மறுபடி சோதனை. எண் நூறைத் தொட்டது, வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

"என்னடி, ஒன்னும் சொல்லல?" என்றார் அம்மா.

"ஒன்னும் சொல்லலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்மா."

"சொன்னா என்னவாம் அதுக்கு."

எனக்கும் அதே கேள்விதான், ஆனால் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை. அன்று காலையிலிருந்து எழுதியவற்றில் பெரும்பகுதி கணினி வட்டில் அப்படியே கிடந்தது. இடைவேளை நேரங்களைக் கணக்கிடும் கோப்பு மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் முந்தைய நாள் வடிவத்தை எடுத்து வைத்தேன். அந்தக் கோப்பில் ஒரு நாள் உழைப்பு போனது. ஒரு மாதம் பிழைத்தது. மணி ஆறரை.

இனி ஒழுங்குபடுத்த நேரமில்லை. தற்காலிகம் என்று எழுதியிருந்த குறிப்புகள், இரண்டு முறை ஒட்டிய வரிகள், பாதியில் நிறுத்திய இடைவேளைக் கோப்பு எல்லாவற்றையும் அப்படியே மேலே அனுப்பினேன். அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

இருபது நிமிடத்தில் அக்கா கூப்பிட்டார். பிழைத்தது பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"எல்லா நாளும் மதியத்துக்கு ஒரே இடைவேளை போட்டிருக்க. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போறவங்களுக்கு? அந்தத் தொழிற்சாலையில பாதிப் பேரு அவங்கதான்."

பதினொரு வருடம் மலாய்ப் பிள்ளைகளோடு தேசியப் பள்ளியில் படித்தவள் நான். வெள்ளிக்கிழமை மதியம் எப்படிப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று முறை என்ன, முப்பது முறை அந்தக் கோப்பைச் சரிபார்த்திருப்பேன். கண்ணில் படவில்லை. அவர் இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் தொலைந்த ஒரு நாளைவிட எரிச்சலாக இருந்தது.

"நாளைக்குச் செஞ்சிடுறேன்க்கா," என்றேன்.

"செஞ்சு முடிச்சிட்டு அனுப்பாத. செய்யச் செய்ய அனுப்பு. திங்கக்கிழமை நீயே வந்து காட்டு."

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். மதியத்துக்குள் நான்கு முறை அனுப்பினேன், நான்கும் அசிங்கமாக, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றாவதில் அக்கா இன்னொரு தவறு கண்டுபிடித்து எழுதியிருந்தார்.