ஜீப்புக்குள் அடித்த கட்டில்

நான் ஓடாவி. மர வேலை செய்கிறவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. வீடு, அலுமாரி, தோணி எல்லாம் செய்திருக்கிறேன். ஜீப்புக்குள் கட்டில் அடித்தது ஒரே ஒரு தரம்.

சண்டை முடிந்து இரண்டு மாதம் இருக்கும். வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து வெளியில் விடப்பட்ட ஒரு கிழவர் எங்கள் ஊர் தன்னாமுனைக்கு வந்து செய்தி சொன்னார். என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா அந்த முகாமில் இருந்தாள். உங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் அடுத்த வரிசைக் கூடாரத்தில் நிற்கிறான், வந்து பாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டிருந்தாள். புதன்கிழமை மட்டும்தான் ஆட்களைப் பார்க்க விடுவார்களாம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளைக் கடல் கொண்டுபோனது. மகனைப் பிறகு இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது பதினேழு வயது. வன்னியில் நிற்கிறான் என்று ஒரு தரம் கேள்விப்பட்டோம். அதோடு சரி.

மனைவியின் தம்பிக்குப் படுவான்கரையில் வயல். உர மூட்டை ஏற்ற ஒரு பழைய ஜீப் வைத்திருந்தான். நானே ஓட்டிக்கொண்டு வாறன் என்றான். வவுனியாவில் எங்களுக்குத் தங்க இடம் கிடையாது. மட்டக்களப்பு அடையாள அட்டைக்கு அறை கொடுக்கப் பயந்த காலம். எத்தனை நாள் நிற்க வேண்டி வரும் என்றும் தெரியாது. ஜீப்புக்குள்ளேயே படுக்கிறதுதான் வழி.

பின் இருக்கைகளைக் கழற்றினேன். உள்ளே பின் சக்கரங்களுக்கு மேலே வரும் சில்லு மேடு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சட்டம் போட்டேன். பலகைக்குக் கடைக்குப் போகவில்லை. கடலடி வீடு போன பிறகு இரண்டு வருடம் ஒரு கொட்டிலில் இருந்தோம். அதன் ஒட்டுப்பலகை கிடந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன்.

மனைவி பாயைக் கொண்டுவந்து விரித்துப் பார்த்தாள்.

"மூணு பேருக்கு இடம் காணுமா?"

"உன்ட தம்பி முன் சீற்றில படுப்பான்."

"நான் அவனச் சொல்லல்ல."

"காணும்" என்றேன்.

"காலு முட்டும். வளந்திருப்பான்."

முன் பக்கத்தில் ஒரு மடிப்புப் பலகை வைத்தேன். தூக்கி விட்டால் இன்னும் ஒன்றரை அடி நீளும்.

கட்டிலுக்குக் கீழே மூன்று அறை. ஒன்றில் அரிசி, அடுப்பு, சட்டி. ஒன்றில் எங்கள் உடுப்பு. மற்றதில் மகனுக்கென்று அவள் எடுத்து வைத்த சேட்டும் சாரமும். உள்ளே புழுதி போகக் கூடாது என்று மூடிகளை மட்டமாக இறக்கினேன். பிடி வைக்கவில்லை. படுத்தால் முதுகில் குத்தும். போய்ச் சேர்ந்து திறந்தால் போதும் என்று திருகாணி போட்டு இறுக்கினேன். திருகாணித் தலைகளையும் விளிம்புகளையும் மரத்தூளும் பசையும் வைத்து மெழுகினேன். கையால் தடவினால் ஒரே பலகை.

மச்சான் வந்து பார்த்தான்.

"எங்க அத்தான் மூடி?"

"தேடு."

தடவித் தடவிப் பார்த்தான். "இதுக்குள்ள ஆள ஒளிச்சு வெச்சாலும் ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"உன்ன வெச்சுப் பூட்டவா?"

"அக்கா சோறு தருவாவெண்டா சரி."

அவள்கூடச் சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. இருபது வருடம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினவன் நான். சோற்றுப் பொதியைக்கூடப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். அந்த நேரம் அது மனதில் வரவில்லை. பொடியனுக்கு முதுகு நோகக் கூடாது என்பதுதான் வந்தது.

செவ்வாய் விடியப் புறப்பட்டோம். பொலன்னறுவை தாண்டி ஒரு சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரன் ஒருவன் பின் கதவைத் திறந்து பாயைச் சுருட்டச் சொன்னான். பலகையில் கையால் தட்டினான். உள்ளே வெளி இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. இன்னொரு தரம் தட்டினான். பிறகு இரண்டு அடி பின்னுக்குத் தள்ளி நின்று துவக்கை நீட்டினான்.

மச்சானுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். கட்டில் என்று சொன்னான். அதிகாரி வந்தார். மூடி தெரியாமல் ஏன் செய்தாய் என்று என்னைக் கேட்டார். மச்சான் எனக்குச் சொன்னான்.

"புழுதி போகும் எண்டு சொல்லு."

சொன்னான். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

திருகாணிகளை நானே கழற்றினேன். மெழுகின இடத்தைத் தேட எனக்கே நேரம் எடுத்தது. அதைப் பார்த்து அவர்களுக்கு இன்னும் சந்தேகம் கூடியது. சேட்டை எடுத்துப் பிடித்து, யாருடையது என்றார்கள். மகனுடையது என்றோம். மகன் எங்கே என்றார்கள். மச்சான் அதை எங்களுக்குச் சொன்னான்.

"அதத்தானே தேடிப் போறம்" என்றாள் மனைவி. அதை அவன் சிங்களத்தில் சொல்லவில்லை.

அடிக்கவில்லை. தண்ணீர் தந்தார்கள். எங்கள் விபரத்தை எழுதி எங்கேயோ கேட்டனுப்பினார்கள். பதில் வரும்வரை ஒரு மரத்தடியில் இருந்தோம். செவ்வாய் போனது. புதனும் போனது. வியாழன் பின்னேரம் போகச் சொன்னார்கள்.

வெள்ளி காலை முகாம் வேலிக்குப் போனோம். பார்க்கிற நாள் இல்லை. தள்ளி நின்று சத்தமாகப் பேசலாம். மனைவியின் அக்கா வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள்.

"ஏன் இவ்வளவு பிந்தின? நீங்க வருவீங்கெண்டு பொடியன் புதன் முழுக்க வேலியடியிலதான் நிண்டவன். தின்னவும் போகல்ல."

"இப்ப எங்க?"

"நேத்துக் காலைல பஸ்ஸில ஏத்திட்டாங்க. பொடியன்மார் கொஞ்சப் பேர. எங்கயெண்டு தெரியா."

மனைவி கம்பியைப் பிடித்தாள். "எங்கட மகன்தானா?"

"நான் அவனச் சின்னதில கண்டது. பேரும் மாத்தித்தான் சொன்னவன். இடது புருவத்தில ஒரு வெட்டுக் காயம் இருந்திச்சு."

மகனுக்கு ஆறு வயதில் என் உளி தெறித்துப் பட்டது. இடது புருவம். இரத்தத்தை நான்தான் கையால் அமத்திப் பிடித்தேன். அவளும் பக்கத்தில் நின்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் திரும்பி, "அப்ப அது எங்கட புள்ள இல்ல" என்றாள். "அவனுக்கு வலது பக்கம்."

நான் அக்காவிடம் மற்ற முகாம்களுக்கு வழி கேட்டேன்.

இன்னும் பதினொரு நாள் அந்தப் பக்கம் நின்றோம். வேறு முகாம்களுக்கும் போனோம். அரிசி முடிந்ததும் திரும்பினோம். வரும் வழியில் மச்சான், "அத்தான், ஆள ஒளிச்சு வைக்கலாமெண்டு நான் அண்டைக்குப் பகிடிதான் விட்டனான்" என்றான். "தெரியும்" என்றேன். கட்டிலைப் பற்றி மனைவி ஒரு சொல் சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

காணாமல் போனவர்களைப் பதிய ஆட்கள் பிறகு வந்தார்கள். அங்க அடையாளம் கேட்டார்கள். வலது புருவத்தில் தழும்பு என்று அவள் சொன்னாள். எழுதின பெண், "ஐயா, சரியா எண்டு பாருங்க" என்று தாளை என்னிடம் நீட்டினாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். மனைவி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.