இரண்டு சுருள் பழுப்பு

பெண்களுக்கான செருப்பு தயாரிக்கும் ஒரு சின்ன யூனிட்டில் நிறம் பார்ப்பது என் வேலை. டெல்லியின் மேற்கு ஓரத்துத் தொழிற்பேட்டையில் இருக்கிறது. வார், உள் அட்டை, தையல் நூல் எல்லாம் வெவ்வேறு இடங்களிலிருந்து வரும். சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டுவார்கள். கறுப்பில் தொல்லை இல்லை. பழுப்பில் சிவப்பு ஒரு பொட்டுக் கூடினாலும், மஞ்சள் கூடினாலும், பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. வீட்டில் அம்மாவுக்கு எல்லாமே காப்பிப்பொடி கலர்தான்.

போன நவம்பரில் ஒரு பழுப்பு ஆர்டருக்கு வாருக்கான ரெக்ஸின் துணி பற்றாமல் அதே நம்பரில் இன்னொரு சுருள் வரவழைத்தோம். ஊரெல்லாம் புகை மூட்டம். ஜன்னலில் வெளிச்சமே இல்லை. டியூப்லைட்டில் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெட்டும்போது இரண்டு சுருளும் கலந்துவிட்டன.

தைத்து முடிந்த செருப்புகள் பேக்கிங்குக்குப் போனபோது, அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு ஜோடியோடு என் மேஜைக்கு வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எங்கள் பேச்சு ஹிந்திதான்.

“மேடம்ஜி, இது ஜோடி இல்லை.”

“ஒரே நம்பர். நான் பார்த்தாச்சு.”

“வெயில் வர்ற வரைக்கும் பெட்டியில போடாம வைக்கட்டுமா?”

நாலு பேர் முன்னால் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. “போடுங்க” என்றேன். போய்ப் போட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் காற்றடித்துப் புகை விலகியது. மதியம் வெளியே வந்தேன். அவள் வாசற்படியில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு கால்களை வெயிலில் நீட்டியிருந்தாள். இடது காலில் இருந்தது செங்கல் பக்கம் போயிருந்தது, வலது காலில் இருந்தது சுக்கு நிறம். மறுநாள் லாரி வரவேண்டும்.

முதலாளியிடம் போனேன்.

“யார் கையெழுத்து?”

“என்னோடது. பேக்கிங்ல இருக்கிறவங்க அன்னிக்கே சொன்னாங்க, நான் கேட்கலை.” முதல் வாக்கியத்தைவிட இரண்டாவதுதான் வாயில் வரச் சிரமப்பட்டது.

அவர் திட்டவில்லை. லாரியை ஒரு நாள் தள்ளிவைத்தார். எல்லாப் பெட்டிகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றிப் பிரித்தோம். சிவப்போடு சிவப்பு, மஞ்சளோடு மஞ்சள். ஒரு மணி நேரத்தில் என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகிவிட்டது. அவள் கை நிற்கவே இல்லை.

“எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“சரோஜினி நகர் மார்க்கெட்ல சேலைக்கு ஃபால் தைச்சிட்டிருந்தேன். தினமும் சேலை நிறத்துக்கு நூல் தேடித் தேடிப் பழகிடுச்சு.”

கடைசியில் எட்டு ஒற்றைச் செருப்புகள் மிஞ்சின. சரக்கு வாங்கிய கடைக்காரர் தாமதத்துக்கு மட்டும் கோபித்துக்கொண்டார். நிறத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் கையெழுத்தும் இல்லாமல் எந்தச் சுருளையும் வெட்டுவதில்லை. முதலாளியிடம் நான்தான் கேட்டேன். போன வாரம் ஒரு பழுப்பைப் பார்த்து, பச்சை அடிக்கிறது, வேண்டாம் என்றாள். மூன்று தடவை மாடியேறிப் பார்த்தேன். எனக்கு எந்தப் பச்சையும் தெரியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டோம்.