கோடு வரைக்கும் தண்ணீர்

பால் பண்ணையில் தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பால்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் எமன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், எமன் கண்ணுக்கு ஈரமானதெல்லாம் திருட்டு. மனைவி டீ போட்டாலும் பால் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பார்.

மகளுக்குக் காதில் சீழ் வைத்தது. மருந்துக்கடைக்காரர் பொடி போட்ட பாட்டிலை நீட்டினார்.

"கொதிக்க வச்சு ஆறின தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் ஊத்தி, நல்லா குலுக்கிக் குடுங்க."

'தண்ணியா? என்கிட்டயேவா?' என்று கறுவிக்கொண்டே வந்தவர், வீட்டில் தண்ணீரைப் பாதியோடு நிறுத்திவிட்டார். மருந்து கெட்டியாக இருந்ததில் அவருக்குப் பரம திருப்தி.

மறுநாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. போலி மருந்தேதான் என்று பாட்டிலோடு கடைக்குப் பாய்ந்தார்.

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோடு எங்க, மருந்து எங்க? ஒரு மூடி குடுத்தா ரெண்டு மூடி மருந்து உள்ள போகுது சார். குடுக்கறத நிறுத்திட்டு, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க."

டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் புது பாட்டில் எழுதிக் கொடுத்தார். இந்தமுறை எமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு வரைக்கும் ஊற்றினார். மனைவி பாட்டிலைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேராகத் தூக்கினாள்.

"தள்ளுங்க. நீங்க ஊத்தினத நான் ஒருதடவ பாக்கணும்."