ஆறு நாள் விரதமும் ஒரு கடல் நீச்சலும்

திங்கட்கிழமை காலை கடற்படை முகாம் மெஸ்ஸில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, என் தட்டில் இருந்த அவித்த முட்டையையும் பாணையும் பக்கத்தில் இருந்தவனின் தட்டுக்குத் தள்ளினேன். அவன் எனக்கு மேல்கட்டிலில் படுப்பவன். குருநாகல் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் இருவருக்கும் இடையில் சிங்களம்தான். அதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“என்ன மச்சான், நஞ்சு கிஞ்சு கலந்திருக்கோ?”

“வயிறு சரியில்லை.”

“வயிறு சரியில்லாதவனோ காலமை முழு ஓட்டமும் முன்னுக்கு ஓடினவன்?”

கேட்டபடியே இரண்டாவது முட்டையையும் வாயில் போட்டான். கண் மட்டும் என்னை விட்டு எடுபடவில்லை.

வயிறு நன்றாகத்தான் இருந்தது. அன்று கந்தசஷ்டி விரதம் தொடங்கியிருந்தது. வருசாவருசம் அந்த ஆறு நாளும் வீட்டில் விரதம் பிடிப்பவர் அம்மா. இந்த முறை சீனி வருத்தம் கூடி ஊசி போடும் நிலைக்கு வந்துவிட்டார். பட்டினி கிடக்கவே கூடாதென்று பருத்தித்துறையில் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மா கேட்கிற ஆளில்லை. “வீட்டிலை ஒராளாவது பிடிக்க வேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றார். நான் அவசரக்காரன். “அப்ப நான் பிடிக்கிறன், நீங்கள் சாப்பிடுங்கோ” என்று போனில் சொல்லிவிட்டேன். பகலில் ஒன்றுமில்லை, பின்னேரம் பாலும் பழமும் மட்டும். அம்மாவின் முறை அதுதான். சொன்ன பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். ஆறாம் நாள், சூரன்போர் அன்று, எங்களுக்குக் கடல் நீச்சல் சோதனை.

அந்தச் சோதனைக்காகத்தான் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் முகாமிலிருந்து, கடலுக்கடியில் இறங்கும் சுழியோடிப் பயிற்சிக்கு ஒரேயோர் ஆளை எடுக்கப் போகிறார்கள். துறைமுக அணைக்குள்ளே இரண்டு மிதவைகளுக்கு இடையில் நாலு தரம் போய்வர வேண்டும், பதினொரு நிமிசத்துக்குள். எனக்குப் பத்தரை நிமிசம் காணும். மேல்கட்டில்காரனுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். மற்றவர்கள் எங்களுக்குக் கிட்டவும் இல்லை. ஆக, ஓர் இடம், இரண்டு பேர்.

விரதம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உடுப்பிட்டி மாதிரித் தமிழ் ஊரிலிருந்து கடற்படைக்கு வந்தவன் எதையும் லேசில் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். ஊருக்குப் போனால், நான் வரும்போது ஒழுங்கையில் கதைத்துக்கொண்டு நிற்பவர்கள் மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். முகாமில் நான் தமிழில் போன் கதைத்தால் பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைக் குறைப்பார்கள். மெஸ்ஸில் சாப்பாட்டை மறுப்பது எங்களிடம் ஒரு முறைப்பாட்டுக்குச் சமன். அதையும் தமிழன் ஒருவன் நாள்கணக்கில் செய்தால் எப்படியெல்லாம் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் அதே மாதிரிப் போனது. விடிய ஐந்து மணிக்குத் தராசு. ஓட்டத்துக்கு முன்னம் ஒவ்வொருவரும் தராசில் ஏறி, தன் நிறையைத் தானே வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். எப்போதும் முதலாவதாக எழுதுகிறவன் நான்தான். பிறகு கடற்கரை மணலில் ஆறு கிலோமீற்றர், கயிறேற்றம், பகலில் படகு கழுவுதல், பின்னேரம் நீச்சல். மத்தியானம் என் மீன் துண்டும் மேல்கட்டில்காரனின் தட்டுக்குப் போனது. சாப்பிட்டு எழும்பியவன் நேரே பயிற்சி மாஸ்டரிடம் போய் ஏதோ கதைத்தான். மாஸ்டர் தன் நீலக் கொப்பியைத் திறந்து எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் பார்த்தார்.

சரி, தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை வாசல் காவல் எனக்கு. வெயில் இல்லை, மழைக்கு மூடிக்கொண்டு கிடந்தது. ஆனாலும் பத்து மணிக்கே துவக்கு இரண்டு மடங்கு பாரமாகிவிட்டது. வலை அறுந்ததைப் பற்றி முறையிட வந்த கடற்தொழிலாளி ஒருவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இழுத்து இழுத்துச் சொல்லத் தொடங்கினார்.

“தமிழிலை சொல்லுங்கோ ஐயா” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி எந்த ஊர்?”

“உடுப்பிட்டி.”

“உடுப்பிட்டியிலை ஆற்றை பெடியன்?”

நான் பதில் சொல்லவில்லை. அவரும் முறைப்பாட்டைச் சொல்லவில்லை. “பிறகு வாறன்” என்று சைக்கிளைத் திருப்பினார். எனக்கு அவரில் சந்தேகம், அவருக்கு என்னில் சந்தேகம். அறுந்த வலை அவருடைய சைக்கிள் கரியரில் அப்படியே திரும்பிப் போனது.

வியாழன் காலையில் காவல் பட்டியலில் என் இலக்கம் வெட்டப்பட்டிருந்தது. காரணம் எழுதவில்லை. துவக்கை என் கையில் தர யோசிக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டி முடிப்பதற்குள் மாஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு நாற்பது வயதிருக்கும், காலி ஊர்க்காரர். சத்தம் போடாமல் கதைப்பார். அதுதான் பயம்.

“மூண்டு நாளாய் நீ சாப்பிடேல்லை. ஆரும் ஏதும் செய்தவங்களோ?”

“இல்லை சேர்.”

“வெளியிலை ஆரும் ஏதும் சொன்னவங்களோ?”

நான் பயந்தது இதைத்தான். இனி மறைத்தால் இன்னும் மோசமாகும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்: அம்மா, ஊசி, சஷ்டி, சூரன்போர். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“கதிர்காமத்துத் தெய்வத்துக்கோ?”

“ஓம் சேர். அவர்தான்.”

“முதலே சொல்லியிருக்கலாம்.” பேனையைத் திரும்ப எடுத்தார். “தண்ணிக்குள்ளை மயங்கினியெண்டால் பதில் சொல்லுறது நான். காலமையும் பின்னேரமும் ஒரு கோப்பை பால் குடிக்க வேணும். இல்லாட்டி சனிக்கிழமை நீ கரையிலை நிண்டு பார்க்கலாம்.”

அம்மாவின் முறையில் பால் ஒரு வேளைதான். ஆனால் முருகன் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார் என்று தலையாட்டினேன். வெளியே வந்ததும் ஒரே கேள்விதான் மண்டைக்குள் சுற்றியது: ஆர் சொன்னது? சுற்றிச் சுற்றி அது மேல்கட்டிலிலேயே போய் நின்றது. என்னைக் கரையில் நிற்பாட்டினால் லாபம் ஆருக்கு?

வியாழன் பின்னேரமும் வெள்ளி இரு வேளையும் மாஸ்டர் முன்னால் நின்று பால் குடித்தேன். வெள்ளி பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“நீங்கள் சாப்பிட்டனீங்களோ?”

“ஓம் ஓம், சாப்பிட்டனான்.”

எனக்கு அந்த இரண்டாவது ‘ஓம்’ பிடிக்கவில்லை.

“என்ன சாப்பிட்டனீங்கள்?”

“என்ன, பொலிஸ் விசாரணையோ? இடியப்பம்.”

சனி காலை மாஸ்டர் படகு இறக்கப் போய்விட்டார். கோப்பையைக் கொண்டுவந்தவன் மேல்கட்டில்காரன்.

“குடி மச்சான், மாஸ்டர் தரச் சொன்னவர்.” சிரித்துக்கொண்டே தந்தான்.

பால் மஞ்சள் அடித்துக் கிடந்தது. மணமும் பால் மணமாக இல்லை, தடிப்பாக வேறேதோ. முட்டை என்றுதான் மனம் சொன்னது. ஐந்து நாள் என் முட்டையைச் சாப்பிட்டவன் ஆறாம் நாள் திருப்பித் தருகிறான். விரதமும் முறியும், வயிறும் கலங்கும், இடமும் அவனுக்குப் போகும். “தாங்ஸ் மச்சான்” என்று வாங்கிக்கொண்டு போய்க் குளியலறைக்குப் பின்னால் வாய்க்காலில் ஊற்றினேன். எவ்வளவு கெட்டிக்காரன் நான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கடல் அணைக்குள்ளேயே கலங்கிக் கிடந்தது. முதல் இரண்டு சுற்றும் நான்தான் முன்னுக்கு. மூன்றாவதில் கை வழமைபோல எழவில்லை, யாரோ தோளில் ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி. மேல்கட்டில்காரன் பக்கத்தால் போனான். நாலாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்தது. மிதவையைத் தொட்டபோது மாஸ்டர் மணிக்கூட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பதினொரு நிமிசமும் பதினெட்டு விநாடியும்.

இறங்குதுறைப் படியில் குந்தியிருந்தேன். அவன் துவாயோடு வந்தான்.

“பாலைக் குடிச்சும் இப்பிடியோ?”

“என்னடா போட்டனி அதிலை?”

“தேன். அம்மா ஊரிலையிருந்து அனுப்பினது. கதிர்காமத்துக்கு விரதமெண்டு மாஸ்டர் சொன்னவர். எங்கடை பக்கத்திலை அந்தத் தெய்வத்துக்குத் தேன்தான் வைக்கிறது.” என் முகத்தைப் பார்த்தான். “நீ குடிக்கேல்லை, என்ன?”

நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

“மோட்டு மச்சான்” என்றான். துவாயை என் தலையில் போட்டுவிட்டுப் போனான். கோபத்தில் போட்டானா, ஈரம் துடைக்கப் போட்டானா தெரியவில்லை.

மாஸ்டர் முடிவுத் தாளில் கையெழுத்து வாங்க வந்தபோது கேட்டே விட்டேன். “சேர், நான் சாப்பிடேல்லையெண்டு ஆர் சொன்னது?”

“நீதான்.”

நீலக் கொப்பியைத் திறந்து காட்டினார். பலகையிலிருந்து நாளாந்தம் பார்த்தெழுதிய எங்கள் எல்லோருடைய நிறையும் இருந்தது. என் வரிசையில் அறுபத்துநாலரை, அறுபத்துமூன்றே முக்கால், அறுபத்துமூன்று, அறுபத்திரண்டு. விடிய ஐந்து மணிக்கு முதல் ஆளாக ஓடிப்போய், தெளிவான எழுத்தில் நானே எழுதியவை.

“அப்ப செவ்வாய்க்கிழமை அவன் உங்களோடை கதைச்சது?”

“வயிறு ஊதுதாம், ஓட்டத்தைக் குறைக்கேலுமோ எண்டு கேட்டவன். உன்ரை பங்கையும் சேர்த்துத் திண்டால் ஊதாதோ?”

ஞாயிறு பாறணை. கன்ரீனில் சோறும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவுக்குச் சொன்னேன், விரதம் முடிந்தது, இடம் கிடைக்கவில்லை என்று. “முருகன் வேறை ஏதோ நினைச்சிருக்கிறான்” என்றார். முருகன் ஒன்றும் நினைக்கவில்லை, நான்தான் கண்டபடி நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கள் காலை ஓட்டம் முடிந்து வர, மேல்கட்டில் வெறுமையாகக் கிடந்தது. மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டுச் சுழியோடிப் பயிற்சிக்குப் போய்விட்டான். என் தலையணையில் ஒரு போத்தில், முக்கால்வாசித் தேன். கடதாசி ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து முதலில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கொண்டுபோன பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கியது. அங்குமிங்கும் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை. விரலை விட்டு எடுத்து நக்கினேன்.