வெளிவீதி இல்லாத கோயில்

பாரிசுக்கு வந்து பதினாறு வருடமாகியும் எனக்குத் தெரிந்த இடங்கள் கொஞ்சம்தான். லாச்சப்பல் கடைத்தெரு, எங்கள் கோயில், ஆஸ்பத்திரி, விசா அலுவலுக்குப் போகும் பிரெபெக்சர். த்ருவா என்று ஓர் ஊர் இருப்பதே, மருமகனுக்கு அங்கே ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில் நல்ல வேலை கிடைத்த பிறகுதான் தெரிய வந்தது. ரெயிலில் ஒன்றரை மணித்தியாலம்.

மகளும் மருமகனும் வீடு பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுகள் வாடகைக்கு இருந்தன. ஒன்றில் இரண்டு அறை, மற்றதில் மூன்று அறை. நானும் வந்தால் மூன்று அறை எடுப்பார்கள். நான் வரமாட்டேன் என்றால் பாரிசுக்குப் பக்கத்தில் லா கூர்னெவ்வில் இருக்கும் மகனோடு போய் இருப்பேன், இவர்களுக்கு இரண்டு அறை காணும். எது வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு அன்று பின்னேரமே சொல்ல வேண்டும்.

மகள் இரண்டு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பம் பார்ப்பம் என்றே இருந்தேன். பெரிய காரியம் எதுவென்றாலும் கோயிலை ஒருதரம் சுற்றி வந்துதான் நான் பதில் சொல்வேன். லாச்சப்பலிலேயே சுற்றியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஊரைப் பற்றிய கேள்வியை அந்த ஊர்க் கோயிலில் கேட்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அங்கே எங்கள் கோயில் இல்லை, தேவாலயம்தான். மாதா கோயிலுக்குப் போவது எங்களுக்குப் புதிதும் இல்லை.

வீட்டுக்காரர் வர நேரம் இருந்ததால் பக்கத்திலிருந்த பழைய தேவாலயம் ஒன்றுக்குள் போனோம். நடுவில் கல்லால் ஒரு பாலம் மாதிரி குறுக்கே கட்டியிருந்தார்கள். அந்தக் கல்லில் இடியப்பம் பிழிந்த மாதிரி வேலைப்பாடு. தூண் இல்லை, அது எப்படி விழாமல் நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்துவிட்டது. மேலே யன்னல் கண்ணாடிகளில் சிவப்பும் நீலமுமாக வேதக் கதைப் படங்கள். என் சீலையிலும் நீலம் விழுந்திருந்தது.

வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று போன் வந்தது. அந்த வீட்டுக்குப் படி நிறைய இருக்கிறது, இங்கேயே இருங்கள் என்று மகள் ஒரு கதிரையைக் காட்டினாள். மருமகன் போகும்போது, "மாமி, சாமியோடை கதைச்சு முடியுங்கோ. நாங்கள் வந்து முடிவைக் கேக்கிறம்" என்று பகிடி விட்டார்.

உள்ளே சுற்றலாம் என்றால் பீடத்தின் பின்பக்கம் திருத்த வேலைக்காகக் கயிறு கட்டி மறித்திருந்தது. அதனால் வெளியே சுற்றுவோம் என்று எழுந்தேன். லாச்சப்பல் கோயிலுக்குச் சுற்றிவர வெளிவீதி இல்லை, அது கடைகளுக்கு நடுவில் ஒரு கட்டடத்தில் இருக்கிறது. இது கோயிலென்றே கட்டிய கோயில். சுற்றிவர வீதி விடாமல் கட்டியிருப்பார்களா என்று நினைத்தேன்.

விடாமல்தான் கட்டியிருந்தார்கள். கோயிலை வலக்கைப் பக்கம் வைத்து நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் சுவரோடு ஒட்டி வீடுகள் வந்தன. சரி, வீடுகளையும் வலக்கைப் பக்கம் வைத்தால் போயிற்று என்று நடந்தேன். பாதை என்னை ஓர் ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டது.

அப்படிப்பட்ட வீடுகளை நான் கண்டதில்லை. மரச்சட்டம் அடித்து நடுவில் மண் பூசியவை. மஞ்சள், ரோஸ், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கீழ்வீட்டை விட மேல்வீடு பெரிது, அதற்கு மேலே உள்ளது இன்னும் பெரிது. ஒன்றாவது நேராக நிற்கவில்லை. ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீடுகளும் தலையோடு தலை முட்டக் கிடந்தன. முட்டாமல் இருக்கக் குறுக்கே மரத் தீராந்தி வைத்து முண்டு கொடுத்திருந்தார்கள். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து இரண்டு கையையும் விரித்தேன். முழுதாக நீட்டுவதற்குள் இரண்டு சுவரும் பட்டன. மேல் யன்னலில் இருப்பவர்கள் ஒருவர் குசினியில் இருந்து மற்றவரிடம் உப்பு வாங்கலாம். மழைத்தண்ணீர் எங்கே போகும், கட்டிலை எப்படி மேலே ஏற்றியிருப்பார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்ததில் கோயிலை விட்டுவிட்டேன்.

ஒழுங்கை முடிந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு கோபுரம். வேறு பக்கம் திரும்பினால் இன்னொன்று. இரண்டும் பழங்கல், எது என்னுடையது என்று தெரியவில்லை. என் போன் மகளின் கைப்பையில் இருந்தது. பிரெஞ்சுக்காரரிடம் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம், கடையில்கூடக் கையால் காட்டித்தான் வாங்குவேன்.

சில்லு வைத்த மரக்கறிப் பையை இழுத்துக்கொண்டு என் வயதுப் பெண் ஒருவர் வந்தார். "பர்தோன், எக்லீஸ்" என்று தேவாலயத்துக்கு எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன். அவர் ஒரு கோபுரத்தைக் காட்டினார், மற்றதையும் காட்டினார், எது என்று தலையை ஆட்டிக் கேட்டார். நான் கையைப் பாலம் போல வளைத்து, விரல்களால் இடியப்பம் பிழிந்து காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. வாருங்கள் என்று நான் வந்த ஒழுங்கையாலேயே திரும்பி நடக்கத் தொடங்கினார்.

அது கிட்டப் பாதையாக இருக்கலாம். ஆனால் வந்த வழியால் திரும்பினால் சுற்று அறுந்துபோகும், பதிலும் கிடைக்காது. எனக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ, அவருடைய பையின் பிடியைப் பிடித்து நிறுத்தினேன். மற்றப் பக்கத்தைக் காட்டி விரலால் ஒரு வட்டம் போட்டேன். அவர் என் சீலையைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு நான் காட்டிய பக்கமே பையைத் திருப்பினார். கல் பதித்த தெருவில் அந்தச் சில்லு கடகடக்க இரண்டு பேரும் ஊரில் ஒரு பாகத்தையே வலம் வந்தோம். வழியில் அவர் ஒவ்வொரு வீட்டையும் காட்டிக் கதைத்தார். ஒன்றும் விளங்கவில்லை, எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். அவரும் அதற்குத் தலையாட்டினார்.

மகள் வாசலில் கண் கலங்க நின்றாள். "எங்கையம்மா போனனீங்கள்? உள்ளுக்கை இருங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

"சுத்தப் போனனான் பிள்ளை."

"கோயிலையோ, ஊரையோ?"

என்னைத் தேடி மற்றப் பக்கம் போன மருமகனும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் இன்னும் பதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னார்களே தவிர, ஒருவரும் என்னிடம் பதில் கேட்கவில்லை. நான் முதலில் புறப்பட்ட வாசல் தூண் வரை போய் அதைத் தொட்டுக் கும்பிட்டுச் சுற்றை முடித்தேன்.

"அந்த மூண்டாவது அறையின்ரை யன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

மகள் மருமகனைப் பார்த்தாள். ஒழுங்கைப் பக்கம் என்றார் அவர்.

"கை நீட்டினால் எதிர்வீடு எட்டுமோ?"

"எட்டாது மாமி. பூனை வேணுமெண்டால் பாயும்."

பூனை வந்தால் வரட்டும் என்றேன். மூன்று அறை என்று சொல்ல மருமகன் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிடத் தொடங்கினார். சில்லுப் பை அம்மா இன்னும் போகவில்லை, நாங்கள் என்ன முடிவு செய்தோம் என்று அறிய அவருக்கும் ஆசை போலிருந்தது.